சம்பந்திப் பன்னீரை வடித்தவன்

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் சொந்தக் கடை. கடைக்கு மேலே மாடி வீடு. பின்கட்டில் பன்னீர் வடிக்கிற செம்புக் கொப்பரை. சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி, அதில் கப்பலேறி வந்து இப்போது காலியாக நிற்கிற வாசனைப் புட்டிகள். இவற்றில் எதுவும் எனக்கு யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல. கொள்ளேகாலத்துப் பக்கம் ராகி விதைத்த குடும்பத்தில் பிறந்து, தலையில் பூக்கூடையோடு மைசூருக்குள் நுழைந்தவன் நான். மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. இங்கிலீஷ் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் இங்கிலீஷ்காரன் வாசனை அத்தனையும் தெரியும். இந்த ஊரில் என் மூக்குக்குச் சமமாக இன்னொரு மூக்கு இருந்தால் கூட்டி வாருங்கள், பார்ப்போம்.

கடைசியாக நான் உண்டாக்கியது ஒரு பன்னீர். அதை இன்று வேறொருவர் தன்னுடையது என்கிறார். அதனால்தான் பேனாவைப் பிடித்தேன்.

மூக்கு எங்கே படித்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அரண்மனைக்குப் போகிற பெரிய வீதியில் ஒரு சீமைச் சாமான் கடையில் எனக்குப் பெட்டி பிரிக்கிற வேலை. புட்டிகளை வைக்கோலில் புதைத்து அனுப்புவார்கள். வழியில் ஒன்றிரண்டு உடைந்திருக்கும். உடைந்த பெட்டியின் வைக்கோலைக் குப்பையில் கொட்டச் சொல்வார் முதலாளி. நான் கொட்டமாட்டேன். சாக்கில் கட்டி என் இருப்பிடத்துக்கு எடுத்துப் போய்விடுவேன். இன்றைக்கு ஒரு வாசனை, நாளைக்கு வேறொன்று, வாரம் போனால் அடியில் தங்குவது இன்னொன்று. ஒரு புட்டிக்குள் எத்தனை ஆள் ஒளிந்திருக்கிறார்கள் என்று வைக்கோல்தான் எனக்குக் காட்டியது.

லாவண்டர் தண்ணீர் என்பது வெளுத்துக் கஞ்சி போட்டு வெயிலில் காயவைத்த வேட்டியின் வாசனை. கூடவே துளி கற்பூரக் குளிர்ச்சி. நேர்மையான சரக்கு, ஆனால் பேச்சு கிடையாது. ஊதாப் பூ படம் போட்ட வயலெட் அப்படியல்ல. ஒருமுறை முகர்ந்தால் இருக்கும், மறுமுறை இருக்காது. புட்டி கெட்டுவிட்டதென்று வாடிக்கைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். "புட்டி கெடலீங்க, உங்க மூக்கு அசந்து போச்சு. மார்க்கெட்டை ஒரு சுத்து சுத்திப்போட்டு வாங்க" என்பேன். சுற்றிவிட்டு வந்தால் பூ மறுபடி அங்கேயே இருக்கும்.

பச்சைத் தாள் ஒட்டிய பிரெஞ்சுப் புட்டி ஒன்று வந்தது. திறந்ததும் எனக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படித்துறை ஞாபகம் வந்தது. காவேரி வற்றிய பிறகு பாசியோடு ஈரமாக நிற்கிற கல்லின் மேல் யாரோ எலுமிச்சை பிழிந்த மாதிரி. அதை வாங்குகிறவர்கள் அதிகம் சிரிக்காதவர்களாகவே இருந்தார்கள். இன்னொன்று மருந்துப் புட்டி மாதிரி சதுரமாக, அலங்காரமே இல்லாமல் வந்தது. முதலில் ஊதி அணைத்த மெழுகுவத்தி, பிறகு உயர்ந்த சோப்பு, பிறகு பூ. என்ன பூ என்று கேட்டால் மல்லிகையும் இல்லை, ரோஜாவும் இல்லை, எல்லாம் ஒரே கூடையில். வைக்கோலில் கடைசியாகத் தங்கியது என்ன தெரியுமா? நம்முடைய சந்தனம். இங்கிருந்து எண்ணெயாகக் கப்பலேறிப் போனது, பிரெஞ்சுக்காரி வேஷம் போட்டுக்கொண்டு திரும்பி வந்திருந்தது. துரைசானிகள் அதைக் கைப்பையில் பத்திரப்படுத்தும்போது நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பேன்.

இத்தனைக்கும் மேலே எனக்குப் பிடித்தது கொலோன் தண்ணீர். நம் ஜனங்கள் யூடிகோலன் என்பார்கள். ஆரஞ்சுத் தோல், எலுமிச்சை, ஏதோ ஒரு மூலிகை. மூடியைத் திறந்ததும் ஓடி வந்து கட்டிக்கொள்ளும். கடை வாசலைத் தாண்டுவதற்குள் சொல்லாமல் போய்விடும். முதல் நிமிஷத்தின் வாசனை என்று நான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன். ஊரில் அதற்கு இரண்டு உபயோகம். ஜுரம் வந்தால் துணியில் நனைத்து நெற்றியில் போடுவார்கள். தசரா தர்பாருக்குப் போகிற உத்தியோகஸ்தர்கள் நீளக் கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையுமாக வேர்த்துக் கொட்டும்போது கைக்குட்டையில் தெளித்துக்கொள்வார்கள். நான் தனிக் கடை போட்ட பிறகு என் கடை நின்றது அந்தத் தண்ணீரால்தான்.

சீமையில் இந்த உலக யுத்தம் வந்ததும் கப்பல் நின்றது. புட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. வெறும் புட்டியை முகர்ந்துவிட்டுப் பெருமூச்சு விட்டுப் போனவர்களும் உண்டு. பக்கத்துக் கடைக்காரர் பட்டாணிக் கடை வைக்கச் சொன்னார். நான் வைக்கவில்லை. வெள்ளைக்காரன் செய்ததை மைசூர்க்காரன் செய்தால் மூக்கு என்ன ஒத்துக்கொள்ளாதா என்று இறங்கினேன்.

கொலோனுக்கு ஸ்பிரிட் வேண்டும். ஸ்பிரிட் வாங்க, கள்ளுக்கடை ஏலம் விடுகிற அப்காரி இலாகாவின் லைசென்ஸ் வேண்டும். என்னிடம் இல்லை. பெரிய வீதியில் இங்கிலீஷ் மருந்துக் கடை வைத்திருந்த பட்டதாரி ஒருவரிடம் இருந்தது. அவரிடம் போனேன். அவர் தன் கடையிலேயே வைத்துக் கலக்கச் சொன்னார். ஆரஞ்சுத் தோல் எண்ணெய், எலுமிச்சை, மரிக்கொழுந்து, சொட்டுச் சந்தனம். கலவை என்னுடையது, ஸ்பிரிட் அவருடையது. சுமாராக வந்தது. குறை சொல்ல முடியாது.

முதல் பெரிய ஆர்டர், மேல்கோட்டைப் பூர்வீகமுள்ள ஒரு வைஷ்ணவக் குடும்பத்தில். வீட்டுக்காரர் அரண்மனைக் கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளுக்கு நிச்சயதார்த்தம். வழக்கமான ரோஜாப் பன்னீருக்குப் பதிலாக, தர்பாரில் மணக்கிற அந்த வாசனையை வெள்ளிச் சொம்பில் ஊற்றி வருகிறவர்கள் மேல் தெளிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். நானே கொண்டுபோய் நானே தெளித்தேன். பிள்ளையின் தகப்பனார் உள்ளே வந்தார். பெரிய திருமண், விறைப்பான மனிதர். ஒரு தெளிப்பு விழுந்ததும் அப்படியே நின்றுவிட்டார். புறங்கையை முகர்ந்தார்.

"ஏம்ப்பா, இதுல என்ன கலந்திருக்கு?"

"ஸ்பிரிட்டுங்க சாமி. வாசனையைத் தூக்கிக் குடுக்கறதுக்கு."

"ஸ்பிரிட்னா சாராயந்தானே. பெருமாள் படத்துக்கு முன்னாடி சாராயத்தத் தெளிச்சிருக்கே. எல்லாரும் மறுபடி தலையோட தீர்த்தமாடணும். அந்தச் சொம்பு வேற போச்சு."

பெண்ணின் தகப்பனார் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போது பிள்ளையின் தாயார் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்: "போன மாசம் ஜுரம்னு இதையே துணியில நனச்சு நெத்தியில போட்டுண்டு படுத்திருந்தேளே. அப்போ தீர்த்தமாடினேளா?"

பெண்டுகள் பக்கத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. அவர் அசையவில்லை.

"அது மருந்து. இது மங்களம். மருந்து எந்த ரூபத்துல வந்தாலும் வாங்கிக்கலாம். மங்களத்துக்கு அப்படி இல்லை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் சொன்னது தப்பில்லை என்று என் மூக்கே சொன்னது. ஸ்பிரிட் ஆஸ்பத்திரியிலும் மணக்கும். கல்யாணத்தில் ஆஸ்பத்திரி எதற்கு? வாசலில் பெண்ணின் தகப்பனாரிடம், "சாமி, முகூர்த்தத்துக்கு இதே வாசனை, ஒரு சொட்டு ஸ்பிரிட் இல்லாமக் கொண்டாரேன். இல்லாட்டிப் போனா கடையைச் சாத்திப்போட்டு ஊருக்குப் போயிடறேன்" என்றேன். அவர், "முதல்ல சொம்பை எடுத்துண்டு போ" என்றார்.

அந்த வாரத்திலேயே செய்தி பரவிவிட்டது. கல்யாணக்காரர்கள் என் கடையைத் தாண்டி நடந்தார்கள். சாராயம் தெளித்தவன் என்றே எனக்குப் பெயர். முகூர்த்தத்தில் ஜெயித்தால் கடை, இல்லையென்றால் மறுபடி பூக்கூடை. அவ்வளவுதான் கணக்கு.

மார்க்கெட்டில் ஒரு சாயபு அத்தர் விற்பார். செம்புக் கொப்பரையில் பூவும் தண்ணீரும் போட்டுக் காய்ச்சி, ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெயில் இறக்குகிற வித்தையை அவரிடம் பார்த்துக்கொண்டேன். அதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. ஆனால் அவர் வடித்தது பூ. ஆரஞ்சுத் தோலை யாரும் வடித்ததில்லை. குடகு ஆரஞ்சு வருகிற காலம். பழக்கடைகளில் உரித்துப் போட்ட தோலையெல்லாம் பொறுக்கினேன். கன்னடம் கலந்து பேசுகிற பழக்காரி விடுவாளா?

"ஏன் அண்ணா, ஹண்ணு வேணாமா, சிப்பெத் தோல் மட்டும் போதுமா? ஊட்டுல மாடு வாங்கிக் கட்டிட்டியா?"

"மாடு இல்லக்கா, மூக்கு."

"ஆச்சு போ, அதுக்கும் தீனி போடு."

முதல் கொப்பரையில் வந்தது ரசம் கொதித்த வாசனை. அடுத்ததில் வெட்டிவேரைச் சேர்த்தேன், அது மற்ற எல்லாரையும் விழுங்கிவிட்டு மண்ணாக உட்கார்ந்தது. அதற்கடுத்ததில் மரிக்கொழுந்தைக் கூட்டினேன், கஷாயம். வீட்டில் என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்தத் தண்ணியத் தெளிச்சா சம்பந்தி மட்டுமில்ல, மாப்பிள்ளையும் ஓடிப்போவான்" என்றாள். விடவில்லை. தோலை மாற்றினேன், தீயைக் குறைத்தேன், எலுமிச்சை இலையைப் போட்டேன். அப்புறம்தான் எனக்கே உறைத்தது. கொலோன் முதல் நிமிஷத்தின் வாசனை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நானேதான். அப்படியானால் கொப்பரையிலும் முதல் நிமிஷத்தை மட்டும் பிடித்தால் என்ன?

குழாயில் முதலில் சொட்டுவதை மட்டும் பிடித்துவிட்டு, மிச்சத்தைத் தரையில் கொட்டினேன். மறுபடி புதுத் தோல், மறுபடி முதல் சொட்டு. வீண் போனது மலையாய்ப் போனது. கிடைத்ததைச் சந்தன எண்ணெயோடு சேர்த்து மூடி வைத்தேன். எண்ணெய் மேலே மிதந்து நின்றது, அடியில் தண்ணீர் தெளிந்தது. திறந்தேன். ஓடி வந்து கட்டிக்கொண்டது. கடை வாசலுக்குப் போய் நின்றேன், கூடவே வந்தது. வெள்ளைக்காரன் கொலோன் வாசலில் விட்டுப் போகும். என்னுடையது சந்தனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு தெரு வரை வந்தது. அன்றைக்கு எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன், போட ஆள் இல்லாததால்.

முகூர்த்தத்தன்று புதுச் சொம்போடு போனேன். பெண்ணின் தகப்பனார் என்னைக் கண்டதும் கையைப் பிசைந்தார். அதற்குள் சம்பந்தி பார்த்துவிட்டார்.

"மறுபடி வந்துட்டியா? இதுல எவ்வளவு சாராயம் இருக்கு?"

"ஒரு சொட்டுக்கூட இல்லீங்க சாமி. நம்ப வேண்டாம், பாத்துக்குங்க."

சாம்பிராணி போட்ட தூபக்காலில் கனல் இருந்தது. ஒரு கை தண்ணீரை அதில் விட்டேன். ஸ்பிரிட் என்றால் நீலமாய்ப் பற்றும். இது சுர்ரென்றது, ஆவி எழுந்தது, மணம் பந்தல் பூராவும் போனது. அவர் அந்தத் தூபக்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு புறங்கையை நீட்டினார். தெளித்தேன். முகர்ந்தார். மற்றக் கையையும் நீட்டினார்.

"சந்தனம் நன்னா நிக்கறது" என்றார். பிறகு வருகிறவர்களைக் கைகாட்டி, "நிக்காதேப்பா, தெளி" என்றார்.

பந்திக்குப் போவதற்குள் அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. சம்பந்தி இரண்டு கையும் நீட்டிய பன்னீர் என்று சொல்லிச் சொல்லிச் சம்பந்திப் பன்னீர் ஆயிற்று. அந்த வருஷத்துக் கல்யாணங்களில் என் கொப்பரை ஆறவில்லை.

மருந்துக் கடைக்காரரும் வந்தார். குடத்தில் வாங்கிக்கொண்டு போய்த் தன் புட்டியில் அடைத்து, தன் தாளை ஒட்டி விற்றார். வியாபாரம், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் போன தசராப் பொருட்காட்சிக்குக் குடும்பத்தோடு போனேன். அவருடைய புட்டிகளை அடுக்கி, மேலே இங்கிலீஷில் பெரிய அட்டை. மகனைப் படிக்கச் சொன்னேன். சம்பந்திப் பன்னீர், எங்கள் கடையின் கண்டுபிடிப்பு என்று எழுதியிருக்கிறது என்றான்.

அங்கேயே கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "ஆரம்பத்துல ஸ்பிரிட் குடுத்தது யாரு? கலக்க இடம் குடுத்தது யாரு? பார்முலான்னா என்னன்னு உனக்குத் தெரியுமாப்பா?" என்றார்.

"பார்முலா தெரியாதுங்க. ஆனா இந்தப் பன்னீர்ல உங்க ஸ்பிரிட் இல்லீங்க. அது இல்லாததுதான் இதோட மதிப்பே. நீங்க குடுத்தது எதுவோ அதை எடுத்துப்போட்ட பொறகுதான் இது பொறந்துச்சு."

அவர் அடுத்த வாடிக்கைக்காரரைக் கவனிக்கத் திரும்பிவிட்டார். அட்டை அப்படியே இருந்தது.

இப்போது எழுத்தில் சொல்கிறேன். நான் பணம் கேட்கவில்லை. புட்டி அவருடையது, தாள் அவருடையது, வைத்துக்கொள்ளட்டும். வருகிற தசராவுக்குள் அந்த அட்டையிலிருந்து கண்டுபிடிப்பு என்ற சொல்லை எடுக்க வேண்டும். என் பெயரைப் போடக் கூச்சமாக இருந்தால் பெயர் வேண்டாம். கொப்பரை வித்தை மார்க்கெட் சாயபுவுடையது, பன்னீர் தேவராஜ மொஹல்லாக் கொள்ளேகாலத்துக்காரன் வடித்தது என்று எழுதட்டும். தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி, பெரிய எழுத்தில்.