அக்கா பேயும் தங்கச்சி பேயும்

ஒரு பேயின் வேலையைக் காப்பாற்றுவதற்காகப் போன மாதம் ஈப்போவிலிருந்து சித்தியவானுக்கு பஸ் ஏறினேன்.

சிரிக்காதீர்கள். அந்தப் பேய் என் மச்சான்.

கோவிந்தன், என் மனைவியின் தம்பி. ரப்பர் தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்டபோது ஆள் குறைத்தார்கள். அப்போது பால் வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஃபன் ஃபேரில் வேலைக்குச் சேர்ந்தான். இந்த ஃபன் ஃபேரின் சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, அவருக்கு இரண்டு இடத்தில் கடை. பெரியது ஈப்போவில், சின்னது சித்தியவானில். நம் சனங்கள் பெயர்ப்பலகையைப் படிக்கிற சனங்களா? பெரியதற்கு ‘அக்கா’, சின்னதற்கு ‘தங்கச்சி’ என்று அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள்.

இரண்டிலும் அதே ராட்டினம், அதே மோதல் கார். இரண்டிலும் ஒரு பேய் வீடு. தங்கச்சியின் பேய் வீட்டுக்குக் கோவிந்தன்தான் தலைமைப் பேய். அங்கேதான் வந்தது வினை.

“அக்காகிட்ட அலறுறாங்க மச்சான். இங்க ஒருத்தனும் அலற மாட்டேங்கறான். மாசக் கடைசில தவுக்கே வாரேன்னு சொல்லிட்டாரு. சத்தம் வரலேன்னா பேய் வீட்டப் பிரிச்சிட்டு வளையம் எறியற கடை போடுவாராம்.”

வளையம் எறிகிற கடைக்கு ஓர் ஆள் போதும். அந்த ஆள் தவுக்கேயின் சொந்தக்காரப் பையன். கோவிந்தனுக்கோ தையில் கல்யாணம். பெண் சரசு, சித்தியவானில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். “மாப்பிள்ளைக்கு வேலை இருந்தா பொண்ணு, இல்லேன்னா இல்ல” என்று அவள் அப்பா சொல்லிவிட்டார்.

என் மனைவி சும்மா இருப்பாளா? “ஏங்க, வாராவாரம் பத்திரிகையில எழுதி ஊருக்கெல்லாம் புத்தி சொல்றீங்க. என் தம்பிக்கு ஒரு வழி சொல்லக்கூடாதா?”

சொல்ல வேண்டியதாயிற்று. வைத்தியன் என்றால் முதலில் நல்ல உடம்பைப் பார்க்க வேண்டும், பிறகு நோயாளியைப் பார்க்க வேண்டும். ஆகவே சனிக்கிழமை மனைவியோடு அக்காவுக்குப் போனேன்.

அடடா... அதுவல்லவா பேய் வீடு! முகப்பில் ஒரு பூதத்தின் வாய். அந்த வாய்க்குள் தண்டவாளம். இருவர் உட்காரும் சின்ன வண்டி கடகடவென்று இருட்டுக்குள் போகிறது. நெற்றியில் மஞ்சள் தாள் ஒட்டிய சீனப் பேய் குதித்துக் குதித்து வருகிறது. சவப்பெட்டி மூடி தானாகத் திறக்கிறது. வெள்ளைச் சேலை, முழங்கால் வரை முடி, கேசட்டில் ஓர் அழுகை. ஈரக் கயிறு ஒன்று கன்னத்தைத் தடவிவிட்டுப் போகிறது பாருங்கள்... அங்கேதான் நான் லேசாகத் தொண்டையைக் கனைத்தேன்.

“கனைச்சீங்களா? காது கிழிஞ்சிருச்சி” என்கிறாள் மனைவி. அவள் எதையும் பெரிதுபடுத்துவாள்.

வெளியே வந்ததும் தொண்டை வறட்சி. எதிரிலேயே சிராப் தண்ணீர்க் கடை, சர்பத்துதான். ஆளுக்கு ஒரு கிளாஸ் குடித்தோம். எங்களுக்கு முன்னால் அலறியவர்களும் அங்கேதான் நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள். தவுக்கே அலறலுக்கு ஏன் அலைகிறார் என்று அப்போதுதான் விளங்கியது. பேய் வீட்டு டிக்கெட்டில் என்ன பெரிய லாபம்? அலறினவன் குடிப்பான், குடித்தவன் தின்பான், தின்றவன் அடுத்த ராட்டினத்தில் ஏறுவான்.

மறுநாள் தங்கச்சி.

அதே பூதம், அதே வாய். அதே தண்டவாளம், அதே கேசட். எனக்கு முன்வண்டியில் அன்னம்மா அக்கா. தோட்டத்தில் கோவிந்தனுக்குப் பக்கத்து நிரையில் பால்மரம் வெட்டியவர். கையில் கச்சான் கடலைப் பொட்டலம். வெள்ளைச் சேலைப் பேய் முடியை விரித்துக்கொண்டு பாய்ந்து வந்தது.

“டேய் பழனி! உங்கம்மாவுக்கு முழங்கா வலி எப்படிடா இருக்கு?”

“பரவால்லக்கா. தைலம் தேச்சா கொஞ்சம் கேக்குது” என்றது பேய். பிறகு ஞாபகம் வந்து, “ஊஊஊ” என்றது.

“தொண்ட கட்டியிருக்கு போல. இஞ்சி போட்டுக் குடிலா.”

சவப்பெட்டி திறந்தது. அன்னம்மா அக்கா உள்ளே இருந்தவனுக்குக் கொஞ்சம் கச்சானைப் போட்டுவிட்டுப் போனார்.

இவர்கள் எப்படிப் பயப்படுவார்கள்? விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் ஒரு விளக்கை மாட்டிக்கொண்டு, சுடுகாட்டை ஒட்டிய நிரையில் தனியாக மரம் வெட்டியவர்கள். ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்பார்கள். இருட்டிலேயே சம்பளம் வாங்கியவர்கள் கண்ணுக்கு? இருண்டதெல்லாம் பழனி!

அக்காவிடம் போகிறவனுக்குப் பேயின் முகம் தெரியாது. தங்கச்சியிடம் வருகிறவனுக்குப் பேயின் மாமியார் வீடுகூடத் தெரியும். விஷயம் அவ்வளவுதான்.

காப்பிக் கடையில் உட்கார்ந்து ஆலோசனை சொன்னேன். “சீனப் பேயெல்லாம் நம்மாளுங்களுக்குச் சரிப்படாது. நம்ம பேயாப் போடு.”

“நம்ம பேய் எப்படி மச்சான் இருக்கும்?”

நான் பார்த்திருக்கிறேனா? ஆனாலும் கேட்டுவிட்டானே. சிகரெட் பெட்டியைக் கிழித்து, உள்பக்கத்தில் வரைந்தேன். உருட்டு விழி, முறுக்கு மீசை, கையில் அரிவாள், வாயில் சுருட்டு, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம்.

கோவிந்தன் அதைக் கும்பிடாத குறையாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். பொம்மை செய்யக் கொடுத்தது யாரிடம் தெரியுமா? அந்த வட்டாரத்துக் கோயில்களுக்கெல்லாம் சிலை செய்து வர்ணம் பூசுகிற ஆறுமுகம் அண்ணனிடம். அவர் கைக்கு வேறு முகம் வராது. அதோடு விட்டாரா? எல்லாம் முடிந்ததும், வழக்கப்படி நல்ல நேரம் பார்த்து, குளித்து, கடைசியாகக் கண் திறந்துவிட்டுப் போயிருக்கிறார். பேய்க்கு!

தவுக்கே வரும் நாளும் வந்தது. நான் சாயங்காலமே போய் இறங்கினேன். பேய் வீட்டு வாசலில் பெரிய கூட்டம். தரையெல்லாம் செருப்பு, குவியல் குவியலாக. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பயத்தில் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள்!

இல்லை. கழற்றிவிட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

வரிசையில் எலுமிச்சம்பழம் இருந்தது. சுருட்டுக் கட்டு இருந்தது. கையில் ஒரு சேவலோடு ஒருவர் டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.

“இதுக்கு முழு டிக்கெட்டா அரை டிக்கெட்டா, சொல்லும்மா.”

“மடியில வச்சிக்கிட்டா ஃப்ரீ அண்ணே. சீட்ல உக்காந்தா அரை.”

“அது நேந்துக்கிட்ட சேவல்மா. மடியில வைக்கலாமா?”

உள்ளேயிருந்து அழுகைக் கேசட் கேட்கவில்லை. உறுமி கேட்டது. கற்பூர வாசனை வந்தது. கோவிந்தன் நெற்றி நிறையத் திருநீறோடு ஓடி வந்தான்.

“போச்சு மச்சான்! மொத வண்டியில போன அன்னம்மா அக்கா பொம்மையப் பாத்தாங்க. ‘முனீஸ்வரா, பால்மரத்தச் சாச்சதும் இங்கதான் வந்துட்டியாப்பா’ன்னு எறங்கி விழுந்து கும்பிட்டுட்டாங்க. அவ்வளவுதான். மூணு தோட்டத்து ஆளும் வாராங்க. நான்தான் பூசாரியாம், கவுச்சி தொடக்கூடாதாம். சவப்பெட்டியில தேங்கா வாழப்பழம் வச்சிருக்காங்க.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராய் முடிந்ததை அன்றுதான் பார்த்தேன்.

“கூட்டம் வருதேப்பா. தவுக்கேக்கு அது போதாதா?”

“எங்க மச்சான்? சாமி கும்பிட்டா வேற எங்கயும் போகாம நேரா வீட்டுக்குல்ல போகணும்? ஒருத்தரும் ராட்டினத்துல ஏற மாட்டேங்கறாங்க. சிராப் கடைக்காரன் என்ன அடிக்க வாரான்.”

அது உண்மை. ராட்டினம் காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மோதல் கார்கள் மோத ஆளில்லாமல் நின்றன. ஃபன் ஃபேர் முழுக்க ஒரு விரத நாள் அமைதி.

அந்த அமைதிக்குள் தவுக்கேயின் டட்சன் கார் வந்து நின்றது. மனிதர் ஒரு காலத்தில் தோட்டத்துக் கடை வைத்திருந்தவர். தமிழை நம்மைவிடச் சத்தமாகப் பேசுவார்.

“கோவிந்தா! கூட்டம் இருக்கு. சத்தம் எங்க?”

கோவிந்தன் வாயைத் திறப்பதற்குள் சிராப் கடைக்காரர் திறந்தார். எல்லாவற்றையும் சொன்னார். சேவலுக்கு அரை டிக்கெட் கேட்டதைக்கூட விடவில்லை. கேட்கக் கேட்கத் தவுக்கேயின் முகம் சுருங்கியது.

“நான் பேய்க்கு லைசென்ஸ் எடுத்தேன்லா. சாமிக்கு எடுக்கல. நாளைக்குப் பிரிச்சிரு.”

கோவிந்தன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். கடைசியில், “பிரிக்கிறதுக்கு முந்தி ஒரு தடவ உள்ள வந்து பாத்துருங்க தவுக்கே” என்று வாயில் வந்தது. ஏன் சொன்னேன்? எனக்கே தெரியாது.

தவுக்கே வண்டியில் ஏறினார். “நீயும் வா” என்று என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள். வண்டி பூதத்தின் வாய்க்குள் புகுந்தது.

முனீஸ்வரனுக்கு முன்னால் எரிய வேண்டிய சிவப்பு பல்பு எரியவில்லை. கோவிந்தன் அவசரத்தில் சுவிட்சை மாற்றித் தட்டியிருக்கிறான். விளக்கைப் போடுவதற்குப் பதில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டான். உறுமிக் கேசட்டும் நின்றுவிட்டது. கும்மிருட்டு. வண்டியும் நின்றது. ஒரு சத்தம் இல்லை. தவுக்கே மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. நான் விடாதது அவருக்குக் கேட்டிருக்கும்.

உள்ளே மூலையில் அன்னம்மா அக்கா நிற்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. வண்டி வந்தால் திருநீறு பூசுவது அவர் வேலை. வெளிச்சம் இல்லாவிட்டால் என்ன? இருட்டில் மரம் வெட்டிய கை. நெற்றி இருக்கும் இடம் அதற்குத் தெரியும். விரலைத் தீர்த்தச் சொம்பில் நனைத்து, திருநீற்றைக் குழைத்து, தவுக்கேயின் நெற்றியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாக... ஒரே இழுப்பு.

தவுக்கே அலறினார்.

அது அலறலா? தகரக் கூரை அதிர்ந்தது. அந்த அலறலைக் கேட்டு நான் அலறினேன். என் அலறலைக் கேட்டு அன்னம்மா அக்கா அலறினார். மூவரும் அலறுவதைக் கேட்டுப் பின்னால் திரைக்குள் இருந்த பழனி, “அம்மா! பேய்!” என்று வெள்ளைச் சேலையோடு வெளியே ஓடினான்.

வெள்ளைச் சேலை, விரித்த முடியோடு ஓர் உருவம் பூதத்தின் வாயிலிருந்து ஓடிவந்தால் வரிசை நிற்குமா? அத்தனை நாளும் பழனியின் அம்மாவை விசாரித்தவர்கள் மூலைக்கு ஒருவராய்ப் பறந்தார்கள். சேவல் தனியாக ஒரு திசையில் பறந்தது.

பிறகு? ஓடியவர்கள் எல்லாரும் போய் நின்ற இடம் சிராப் கடை. குடித்தார்கள். குடித்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்ததும், “இன்னொரு தடவ போலாமாடி?” என்று ஒரு பெண் கேட்டாள்.

தவுக்கே நெற்றியில் ஒற்றைக் கோட்டோடு வந்து இரண்டு கிளாஸ் குடித்தார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

“பாகுஸ்” என்றார். பிரமாதமாம். “ஈப்போவுல எல்லாம் கண்ணுல காட்டுறான். அதான் கொஞ்சமா பயம். இங்க ஒண்ணும் காட்டல. பயம் ஜாஸ்தி.”

“அப்ப பிரிக்க வேணாமா தவுக்கே?” என்றான் கோவிந்தன்.

“எப்படிப் பிரிக்க? அவரு உள்ள உக்காந்துட்டாரே. யாரு கை வைப்பா? நீ வைப்பியா? நான் வைக்க மாட்டேன்லா.” திரும்பிப் பேய் வீட்டைப் பார்த்து மூன்று முறை குனிந்தார்.

அன்றைக்கே தீர்ப்பு. சாயங்காலம் திறந்ததிலிருந்து ஏழு மணி வரை சாமி. ஏழு மணிக்குத் திரை போட்டு நடை சாத்த வேண்டும். நடை சாத்தியதும் விளக்கை அணைத்துப் பேய் வீடு ஆரம்பம். கயிறு வேண்டாம், சீனப் பேய் வேண்டாம். இருட்டும் ஓர் ஈரக் கையும் போதும். அன்னம்மா அக்காவிடம் கேட்டதற்கு, “பேய்க்கெல்லாம் நான் கை குடுக்க மாட்டேன். பழனி பண்ணட்டும்” என்று சொல்லிவிட்டார். பழனிதான் இப்போது ஈரக் கை. கோவிந்தனுக்கு இரண்டு உத்தியோகம்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஒரே முதலாளி, ஒரே தண்டவாளம், ஒரே பூத வாய். அக்காவில் போய் அலறிவிட்டு வருகிறோம், தங்கச்சியில் போய் நலம் விசாரித்துவிட்டு வருகிறோம். தவுக்கே செய்து வைப்பது பாதி வீடுதான். மீதிப் பாதியை உள்ளே போகிறவன் அல்லவா கையோடு கொண்டுபோகிறான்!

கல்யாணப் பேச்சு என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? போன ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் முடிந்தது. சரசுவின் அப்பா சபையில் வைத்து, “மாப்பிள்ளை, இப்ப என்ன வேலைங்க?” என்று கேட்டார். கோவிந்தன் எழுந்து நின்று, “ஏழு மணி வரைக்கும் பூசாரி மாமா. அதுக்கப்புறம் பேய்” என்றான். பெரியவர், மகள் இருந்த அறைப் பக்கம் திரும்பினார்.

உள்ளேயிருந்து சரசுவின் குரல் வந்தது.

“பூசாரியா வீட்டுக்கு வந்தா சோறு. பேயா வந்தா வேப்பில அடி. சம்மதமான்னு கேளுங்கப்பா.”