சல்லடையில் போன கீழாநெல்லி

அம்மாவின் முதல் மூட்டைக் கீழாநெல்லி ரிஜெக்ட் ஆனதற்கு முழுக் காரணம் நான்தான். அப்போது எனக்கு ஏழு வயது. சுத்தமாக இருந்ததற்காகப் பள்ளிக்கூடத்தில் ஒரு சோப்புப் பெட்டியைப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் எந்தக் குப்பையும் என் கண்ணுக்குத் தப்பவில்லை.

படப்பையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒரகடத்தில் மோட்டார் பாகம் செய்யும் கம்பெனியில் அம்மாவுக்கு வேலை. அடுத்த திங்கள் முதல் நைட் ஷிப்ட் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். எங்களோடு இருந்த சித்தி, மூலிகையிலிருந்து சாரம் எடுக்கும் வேறொரு கம்பெனியின் லேபில் இருந்தாள். அங்கே கீழாநெல்லி வாங்குகிறார்கள் என்று அவள் சொன்னதும் அம்மாவுக்கு ஒரு வழி பிறந்தது. மழை விட்டிருந்த நேரம். சேரப்பணஞ்சேரிப் பக்கம் விற்காமல் கிடந்த மனைகளில் கல்லுக்குக் கல் கீழாநெல்லிதான் முளைத்துக் கிடந்தது. மூட்டை தேறினால் தொடர்ந்து வாங்கிக்கொள்வார்கள். அம்மா கம்பெனியை விட்டுவிடலாம். தேறாவிட்டால் ராத்திரியில் நான் அப்பாவின் பக்கத்தில் தூங்க வேண்டும். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். அவருடைய குறட்டைக்கு அந்த ஆட்டோவே தேவலாம்.

அம்மா பறித்துவந்து மாடிப்படி நிழலில் காயவைத்தாள். மூட்டை கட்ட வேண்டிய நாளில், அவள் வேலை முடிந்து வருவதற்குள் நானே எல்லாவற்றையும் சுத்தம் செய்துவைக்கக் கிளம்பினேன். காய்ந்த செடியைத் தொட்டாலே பொடிப்பொடியாக ஏதோ உதிர்ந்தது. என் கண்ணுக்கு அது தூசி. மாவுச் சல்லடையில் பிடிபிடியாகப் போட்டுக் கசக்கிச் சலித்தேன். கீழே விழுந்ததையெல்லாம் ரோஜா பட்டுப்போன காலித் தொட்டியில் கொட்டினேன். அம்மா இருட்டியபின் களைத்துப்போய் வந்து மேலோட்டமாகப் பார்த்தாள்.

"இன்னாடி, ஒரு தூசு இல்ல!" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு மூட்டையைக் கட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூட்டையைச் சோதிக்கும் வேலை சித்தியின் கைக்கே வந்தது. செடியின் சாரத்தை இறக்கி, ஒரு வெள்ளைத் தகட்டின் அடியில் சொட்டு வைத்து, மருந்துத் திரவத்தில் நிறுத்துவார்களாம். சாரம் மேலே ஏறும்போது உள்ளே இருக்கும் சத்துகள் தனித்தனியாகப் பிரியும். கீழாநெல்லிக்கு வர வேண்டியது ஊதாக் கோடு. எங்கள் மூட்டைக்கு அது இருந்த இடமே தெரியவில்லை. மூட்டை அப்பாவின் ஆட்டோவிலேயே திரும்பி வந்தது.

"உன் கையாலயே ஃபெயில்னு எழுதினியா?" என்றாள் அம்மா.

"ஆமாக்கா. என் கையாலதான்."

"கோடு தெரிஞ்சிதுன்னு எழுதினா இன்னா கொறைஞ்சிபூடும்?"

"மஞ்சக் காமாலைக்கு வாங்கிக் குடிக்கிறவன் நம்பிக் குடிப்பான்க்கா," என்றாள் சித்தி.

அதன்பிறகு ஒரே அறைக்குள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. "சாப்ட்டாளான்னு கேளு" என்று ஒருத்தி சொல்வாள். "சாப்ட்டேன்னு சொல்லு" என்று மற்றவள் சொல்வாள். இரண்டு முழம் தூரத்துக்கு நான் தூது போனேன். திங்கட்கிழமை அம்மா நைட் ஷிப்டுக்குக் கிளம்பினாள். என் சுத்தமான மூட்டையைப் போய் ஃபெயில் என்று எழுதிவிட்டாளே என்று சித்தி மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலித் தொட்டியில் ஏதோ செடி வைக்கப் போன சித்தி, மண்வெட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாடி இது?"

"குப்பை சித்தி. நான்தான் சலிச்சேன்," என்றேன் பெருமையாக.

சித்தி குனிந்து உற்றுப் பார்த்தாள். ஒரு கை அள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். மறுநாள் சாயங்காலம், ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மாவின் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள். படத்தில் ஒரு தகடு. மூட்டைச் சரக்குக்கு வெறும் நிழல். பக்கத்திலேயே தொட்டியில் அள்ளியதற்கு அடர்ந்த ஊதாக் கோடு.

"மருந்தெல்லாம் எலைலதான்க்கா கீது. குச்சில ஒண்ணும் இல்ல."

"அப்ப எலை எங்க போச்சி?"

தூசி என்று நான் சலித்துக் கொட்டியது இலை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சித்தி என் பக்கம் திரும்பவே இல்லை.

"மாடிக் காத்துல பறந்துட்டிருக்கும்."

கூடப் பிறந்த அக்காவுக்காக ஒரு கோட்டைக்கூடப் பொய்யாக எழுதாதவள், எனக்காக ஒரு முழுப் பொய்யைக் கண் சிமிட்டாமல் சொன்னாள். அன்று சித்தி மேல் வந்த பிரியம் எனக்கு இன்றுவரை குறையவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். ஆணியில் தொங்கிய சல்லடையையும் பார்த்தாள். "காத்துதான், வேற யாரு?" என்றாள். இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள், எனக்கு அது போதும்.

அடுத்த முறை பழைய புடவையை விரித்து அதன்மேல் காயவைத்து, உதிர்ந்த இலையை ஒன்று விடாமல் கூட்டி அள்ளினார்கள். அந்த மூட்டை தேறியது. அம்மா நைட் ஷிப்டுக்கு முழுக்குப் போட்டாள். மூன்றாவது மூட்டைக்குப் புடவை விரித்த அன்று அம்மா ஸ்டூல் போட்டு ஏறி, சல்லடையைப் பரண்மேல் வைத்தாள்.

"இங்கயே இருக்கட்டும். காத்து எடுத்துறப் போவுது."

சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மாவுக்கு எதுவும் தெரியாது என்ற நிம்மதியோடு, அவ்வளவு பெரிய இரும்புச் சல்லடையைக் காற்று எப்படித் தூக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.