கார் நிறைந்த சனிக்கிழமைகள்

மகள் சீனாவுக்குப் போன பிறகுதான் எங்கள் சனிக்கிழமைகளுக்கு ஒரு தெரு கிடைத்தது. சியான் என்கிற பழைய நகரம். அங்கே ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் அவளுக்கு ஆறுமாதப் பயிற்சி. வெம்பிளியில் நாங்கள் மதியச் சோற்றுக்கு அரிசி களையும்போது அவளுக்கு அங்கே பொழுதுபட்டிருக்கும். வீடியோ கோலில் வருவாள். போனைச் சீனிப் போத்தலில் சாத்தி வைப்போம். அவ்வளவுதான், குசினிக்குள் நீராவியும் சிவப்பு விளக்கும் சனமுமாக ஒரு கடைத்தெரு நுழைந்துவிடும். சட்டியில் கரண்டி மோதுகிற சத்தம் எங்கள் சட்டியிலா அவர்களுடையதிலா என்று தெரியாது.

ஒருநாள், தட்டையான ரொட்டியைப் பிளந்து, அதற்குள் இறைச்சியைக் கொத்தித் திணித்து ஒருவன் அவளிடம் நீட்டினான். மனைவி எட்டிப் பார்த்து, அது மாடோ என்று கேட்டாள்.

"கேக்காட்டி அது ஆடு, அம்மா."

மனைவி சிரிப்பை மறைக்க அரிசிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் பார்ப்பாள். அந்த நகரத்தைச் சுற்றி ஒரு மதில் இருக்கிறது. மேலே ஏறினால் சைக்கிள் ஓடலாம், அவ்வளவு அகலம். கூட வேலைசெய்கிற சீனப் பெண்ணோடு அதில் ஓடிக்கொண்டே எங்களோடு கதைத்தாள். காற்று அவள் சொற்களில் பாதியைக் கொண்டுபோனது. லண்டனுக்கு வந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாளாம்.

"தெரியாது எண்டு சொன்னன், அப்பா. நான் எங்க பாத்தனான்? ஆக்கள் வந்தா கார் எப்பவும் ஃபுல்தானே."

குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, போனைத் திருப்பி எனக்குச் சூரியனைக் காட்டினாள். நான் சூரியனைப் பார்க்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கு லண்டன் விருந்தாளிகளுக்குக் காட்டுகிற ஊர். கனடாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ யாராவது வந்தால்தான் அரண்மனை, பாலம், ஆற்றங்கரை ராட்சதச் சக்கரம் எல்லாம். மற்ற வாரங்களில் ஷிப்ட், கோயில், தமிழ்ப் பள்ளிக்கூடம். காரில் இருக்கைகள் கொஞ்சம், வந்தவர்கள் அதிகம். நீ லண்டன் பிள்ளைதானே, எப்பவும் பாக்கலாம் என்று சொல்லி அவளைப் பக்கத்துத் தெரு மாமி வீட்டில் விட்டுவிட்டுப் போவோம். எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. கட்லட்டும் ரோல்ஸும் ஃபிளாஸ்கில் தேநீரும் கொண்டுபோய்க் கார்ப் பார்க்கில் சாப்பிடுவோம். ஆற்றங்கரையில் தள்ளுவண்டிக் கடைகள் மணக்கும். வீட்டில் இல்லாத சாப்பாடா என்று நடந்துவிடுவோம். அந்த 'எப்பவும்' எங்கே போனது? பிள்ளை வளர்கிற சத்தம் ஒருவருக்கும் கேட்பதில்லை.

பயிற்சி முடிந்து வரட்டும் என்றிருந்தேன். வார இறுதிகளில் நானும் அவளும் மட்டும்; காரும் வேண்டாம், ரயிலில். ஆனால் எதைக் காட்டுவது, எங்கே சாப்பிடுவது? எனக்கே தெரியாது. ஆகவே ஒரு ஞாயிறு, மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரம், ஜூபிலி லைன் ரயிலில் ஏறி ஆற்றங்கரைக்குத் தனியே போனேன். ஒத்திகை பார்க்க. பாலத்தடிச் சந்தையில் வெந்த உருளைக்கிழங்கின் மேல் உருகிய சீஸை வழித்து ஊற்றிக் கொடுத்தார்கள். உப்பு கொஞ்சம் கூடத்தான். அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். அடுத்த வாய் வைப்பதற்குள் அவளே அழைத்தாள்.

போனைத் திருப்பி ஆற்றைக் காட்டினேன், பாலத்தைக் காட்டினேன், கையிலிருந்த தட்டைக் காட்டினேன். வடிவாயிருக்கு என்றாள்.

"அப்பா, ஒஃபிஸில இன்னும் ரெண்டு வருஷம் நிக்கேலுமோ எண்டு கேட்டவை. நான் ஓம் எண்டுட்டன்."

நல்லது பிள்ளை என்றேன். வாவென்று ஒரு சொல் தொண்டைவரைக்கும் வந்தது; அதற்கு அவளுடைய சந்தோஷத்தைத் தாண்டி வெளியே வர ஏலவில்லை. அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கோ என்று கேட்டுக்கொண்டாள். சொல்கிறேன் என்றேன்.

"சரி, நீங்க ஆரோட வந்தனீங்கள்? ஆக்கள் வந்திருக்கினமோ?"

"ஓம். கனடாவில இருந்து. அங்கால கியூவில நிக்கினம்."

"அதுதானே பாத்தன்" என்று சிரித்தாள். அவர்களைக் காக்கவைக்க வேண்டாம், போங்கோ என்று சொல்லித் தானே வைத்தாள்.

தட்டில் சீஸ் இறுகிப் போயிருந்தது. எனக்குப் பின்னால் நின்ற குடும்பம் மேசைக்காகப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து இடம் விட்டேன். வீட்டுக்குப் போகிற ரயில் இந்தக் கரையில்தான். ஆனாலும் பாலத்தில் ஏறி மற்றக் கரைக்கு நடந்தேன், மனைவியிடம் எப்படித் தொடங்குவது என்று யோசித்தபடி.