சர்வருக்கு மட்டும் பேட்டரி

கம்பெனியில் அவளை எல்லோரும் ஹலோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்பும் கம்பெனி அது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே போன் மேஜை அவள் பொறுப்பு. அதனால்தான் இன்டர்நெட் போனுக்கு மாறும்போது முதலாளி அவளிடமே விட்டார். "எடுத்துப் பேசப்போறது நீதானேம்மா. நீயே பார்த்துச் சொல்லு."

வயர் இழுக்க வந்தவர் இரண்டு போனை மேஜைமேல் வைத்தார். ஒன்று குட்டித் திரையோடு அசடு மாதிரி இருந்தது. அதற்கு வேண்டிய கரண்ட் நெட் பெட்டியிலிருந்து வயர் வழியாகவே வரும். இன்னொன்றில் அகலமான கலர் திரை. எந்த வீட்டிலிருந்து அழைக்கிறார்கள் என்று பெயரோடு காட்டும். மூச்சு இழுக்கிறவர்களிடம் விலாசம் கேட்டு வதைக்க வேண்டாமே என்று அவள் மனசு அதில் விழுந்துவிட்டது.

"இதுக்குத் தனித்தனியா சுவத்துல அடாப்டர் சொருகணும்."

"சொருகிட்டா போச்சு."

இருந்த ஒரே பேட்டரியை, அழைப்புகளை வாங்கி வரிசையில் நிறுத்தும் சர்வருக்கும் நெட் பெட்டிக்கும் கொடுக்கச் சொன்னாள். கரண்ட் போனால் போனும் செத்துவிடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பழைய போன் எந்தக் காலத்தில் கரண்ட் கேட்டது? முதலில் அழைத்தவருக்கு முதலில் என்று வரிசையையும் அவள்தான் கறாராக வைக்கச் சொன்னாள்.

அவள் அண்ணனும் சிலிண்டரை நம்பித்தான் உயிரோடு இருந்தான். "அண்ணி, என் செல்லுக்குப் போடாதீங்க, வேலை நேரத்துல அது லாக்கர்ல கிடக்கும். ஆபீஸ் நம்பருக்கே போடுங்க" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

ஒரு மத்தியானம் கரண்ட் போயிற்று. திரைகள் எல்லாம் கறுத்தன.

"அப்பாடா, கொஞ்சம் காது ஆறட்டும்" என்று பக்கத்து மேஜைப் பெண் சோம்பல் முறித்தாள்.

உள்ளறையில் சர்வர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அக்கா விருட்டென்று எழுந்தாள். சர்வர் அழைப்பை எடுக்கும். காத்திருங்கள் என்று சொல்லிப் பாட்டுப் போடும். இங்கே எடுக்க ஆளில்லை என்று அங்கே யாருக்கும் தெரியாது.

ஒரு போனை அடாப்டரோடு பிடுங்கிக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள். பேட்டரியில் சொருகி, நெட் வயரை மாட்டித் தரையில் உட்கார்ந்தாள். கலர் திரை ஆற அமர விழித்தது. வரிசையாகப் பெயர்கள். கடைசியில் 'அண்ணன் வீடு'.

அவளே வைத்த வரிசை, முந்த வழியில்லை. முதல் ஆளை எடுத்தாள். அடுத்தவரையும் எடுத்தாள். மூன்றாமவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் வீடு திரையிலிருந்து காணாமல் போயிற்று.

"என் செல்லை எடுத்துட்டு வாடி!" என்று கத்தினாள். அவள் கத்திப் பக்கத்து மேஜைப் பெண் கேட்டதே இல்லை.

செல் கைக்கு வந்ததும் அண்ணியின் செல்லுக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவழியாக எடுத்தார்கள்.

"அண்ணி!"

"அடேயப்பா, ஆபீசுக்கு இப்பத்தான் காது கேட்டுதா? பாட்டு நல்லா இருந்துச்சு. முழுசாக் கேட்டோம்." பின்னால் ஆட்டோ ஹாரன். "உதடு நீலமாயிருச்சுடி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடறோம்."

"அண்ணி, நான்தான் அந்தப் போனை..."

"பேசாதே. செல்லை உங்கண்ணன் வாய்கிட்ட வைக்கிறேன், மூச்சு வருதான்னு மட்டும் கேளு."

செல்லை ஸ்பீக்கரில் போட்டுச் சர்வர் பக்கத்தில் வைத்தாள். ஒரு இழுப்பு. இடைவெளி. இன்னொரு இழுப்பு. மடியிலிருந்த போனில் வரிசையில் அடுத்த வீட்டின் பெயர் மின்னியது. எடுத்தாள்.

"ஹலோ... விலாசம் வேண்டாம்மா, வீடு தெரியுது. வண்டி வருது."

செல்லில் அடுத்த இழுப்புக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே அதைச் சொன்னாள்.