இடப் பக்கத்துக் காவல்

பாறசாலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்த சத்தியதாஸ் அமெரிக்கக் கால்பந்தைக் கற்றுக்கொண்டது ஆசையால் அல்ல. டெக்னோபார்க்கில் அவர் இருந்த கம்பெனி அமெரிக்க மருத்துவமனைகளின் பில் வேலையைச் செய்துவந்தது. திங்கட்கிழமை போனில் அந்தப் பக்கத்து ஆட்கள் முதலில் பேசுவது முந்தின நாள் ஆட்டத்தைப் பற்றித்தான். ஒன்றும் புரியாமல் சிரித்துவைப்பது அவருக்கு வெட்கமாக இருந்தது. துலா மாதம் என்று அங்கே சொல்லும் ஒரு ஐப்பசி மழைக்காலம் முழுக்க வீட்டில் உட்கார்ந்து பார்த்துப் படித்தார். பிறகு விட முடியவில்லை.

பேர்தான் கால்பந்து. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதும் எறிவதும்தான் ஆட்டம். எறிகிறவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். அவன் வலக்கையால் எறியத் திரும்பும்போது முதுகு இடப் பக்கம் இருக்கும். அந்தப் பக்கமிருந்து வருகிறவனை அவனால் பார்க்க முடியாது. அங்கே காவல் நிற்க ஒருவன் வேண்டும். சத்தியதாஸுக்கு அந்தக் காவல்காரன்மேல்தான் மயக்கம். "பந்தத் தொடாம ஜெயிக்க வைக்கிறவன் அவன்" என்று எல்லோரிடமும் சொல்வார்.

ஆபீஸிலேயே இன்னும் மூன்று பேருக்கு அவர் அந்தப் பைத்தியத்தைத் தொற்றவைத்தார். கிருஷ்ணகுமார் கணக்குப் பிரிவு. நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம், இப்போது வீடு கிழக்கேகோட்டையில். யார் எத்தனை கெஜம் ஓடினான் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். சிபி ஜிம்முக்குப் போய் உடம்பை ஏற்றிவைத்திருந்த மலையாளி. லிஜோ சத்தியதாஸின் ஊர்க்காரன், ஒரே கிறிஸ்தவ சபை. ஒல்லியான ஆள். அவனுக்கு ஷீஜாவைப் பெண் பார்த்துக் கொடுத்ததே சத்தியதாஸ்தான்.

அங்கே ஆட்டம் தொடங்கும்போது இங்கே ராத்திரி ஆகிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கழக்கூட்டத்தில் ஒரு சாயாக்கடையில் நான்கு பேரும் கூடுவார்கள். ஆட்டத்தைவிட அதற்கு முந்தின வாக்குவாதம்தான் அவர்களுக்குப் பெரிது. சத்தியதாஸ் காலி கிளாஸ்களை மேஜையில் வரிசையாக வைப்பார். சர்க்கரை டப்பாதான் குவார்ட்டர்பேக். எவனை எவன் மறிப்பான், எங்கே இரண்டு பேரைப் போட்டு ஒருத்தனை அடைக்கலாம் என்று கிளாஸ்களை நகர்த்தி நகர்த்திப் பேசுவார். கிருஷ்ணகுமார் கணக்கைச் சொல்லி எதிர்த்தாலும், முடிவில் சத்தியதாஸ் சொன்னதே நிற்கும். அவர் பேச்சுக்கு அப்படி ஒரு வலு இருந்தது. அது அவருக்கும் தெரியும்.

அந்த டிசம்பரில், பக்கத்துக் கட்டடத்துக் கம்பெனிக்காரர்கள் ஒரு ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். தள்ளி வீழ்த்தக் கூடாது. இடுப்பில் செருகிய துணிப்பட்டையை உருவினால் ஆள் அவுட். நெஞ்சோடு நெஞ்சாக மறித்து நிற்கலாம். ஹெல்மெட் கிடையாது. சத்தியதாஸின் ஆபீஸிலும் ஒரு அணிக்கு ஆள் சேர்ந்தது, சத்தியதாஸ் கோச்.

முந்தின நாள் சாயாக்கடையில் கிளாஸ்கள் வரிசையாக நின்றன. எதிரணியில் பழைய கபடி ஆட்டக்காரன் ஒருவன், சிபியைவிடத் தடியன், இடப் பக்கமாகப் பாய்ந்து வருவான் என்று தெரிந்திருந்தது.

"சிபியத்தான் அங்க நிறுத்துவோம்ணு நெனப்பானுவ" என்றார் சத்தியதாஸ். "நாம சிபி கையில பந்தக் குடுத்து வலப் பக்கம் ஓட விடுவோம். இடப் பக்கம் லிஜோ."

கிருஷ்ணகுமார் சிரித்துவிட்டார். "லிஜோவா? என்னவேய், அவன் ஊதினா பறந்துருவான். அந்தத் தடியன் எடை என்ன, இவன் எடை என்ன?"

"மறிக்க வேண்டாம் ஓய். ரெண்டு நொடி தாமசிப்பிச்சாப் போதும். கால் வேகம் உள்ளவனுக்கு எடை எதுக்கு?"

"சேட்டா, அது ரிஸ்க்" என்றான் சிபி.

"ரிஸ்க் இல்லாம ஜெயிக்க ஒக்குமா?" சத்தியதாஸ் லிஜோவைப் பார்த்தார். "நீ என்னடே சொல்லுக?"

"அண்ணன் சொன்னா நிக்கேன்" என்றான் லிஜோ. அவன் அதற்குமேல் யோசித்த மாதிரி தெரியவில்லை.

திட்டம் பலித்தது. அதுதான் கொடுமை. ஆக்குளம் பக்கத்து மைதானத்தில் சிபி முதல் ஓட்டத்திலேயே பாயிண்ட் எடுத்தான். லிஜோ அந்தத் தடியனுக்குக் குறுக்கே புகுந்து புகுந்து அவனைத் தடுமாறவைத்தான். சத்தியதாஸ் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கட்டக் கத்தினார். பாதி ஆட்டத்துக்குச் சற்று முன்பு தடியன் பொறுமை இழந்து நேராக மோதினான். லிஜோ மல்லாந்து விழுந்தான். பின்மண்டை தரையில் பட்டது. எழுந்து, புல்லைத் தட்டிவிட்டு, மெதுவாக நடந்து கோட்டுக்கு வந்தான்.

மற்றவர்கள் நடுவில் நின்று, மோதியது சரியா என்று நடுவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். லிஜோவுக்குப் பக்கத்தில் சத்தியதாஸ் மட்டும்தான்.

"அண்ணே, எல்லாம் ரெண்டு ரெண்டாட்டுத் தெரியுது" என்றான். "நான் செத்த இருக்கட்டா?" என்று கோட்டுக்கு வெளியே தரையைக் காட்டினான்.

சத்தியதாஸ் அவன் முகத்தைப் பார்த்தார். வெளுத்திருந்தது. அவர் பார்க்காமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவர் மனதில் நின்றது மேஜைமேல் இருந்த கிளாஸ் வரிசைதான். அதில் இடப் பக்கம் ஒன்று காலியானால் எல்லாம் கலைந்துபோகும். தண்ணீர் பாட்டிலை அவன் கையில் கொடுத்தார்.

"சாரமில்லடே, ஒண்ணுமில்ல. வெயிலுதான். நீ வெளிய இருந்தா இடப் பக்கம் போச்சு. இன்னும் கொஞ்ச நேரம் நில்லு, பிறவு மாத்துகேன்."

லிஜோ தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனான். அடுத்த மோதலில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு வெளியே கொஞ்சம் ரத்தம் கசிந்திருந்தது. ஆபரேஷன் வேண்டாம், கவனித்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். போகிற போக்கில் அவர் இன்னொன்றும் சொன்னார். முதல் அடியிலேயே உட்காரவைத்திருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது.

ஷீஜா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "மொத அடியா? அப்ப முன்னயே ஒருதரம் விழுந்தாரா? பின்ன யாரு அவர மறுபடி எறக்குனது?"

கிருஷ்ணகுமார் தயங்கித் தயங்கிச் சொன்னார். "யாரும் எறக்கலம்மா. தண்ணி குடிச்சான், அவனே போனான். நான் பாத்தேனே."

அவர் பார்த்தது உண்மை; கேட்கவில்லை, அவ்வளவுதான். ஷீஜா அடுத்ததாக சத்தியதாஸைப் பார்த்தாள். "ஆமா" என்று அவர் சொல்லவில்லை. "இல்லை" என்றும் சொல்லவில்லை. குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதைத் துக்கம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

லிஜோவுக்கு நினைவு திரும்பியபோது அந்த மத்தியானம் மட்டும் சுத்தமாக இல்லை. மைதானத்துக்குப் போனதே ஞாபகமில்லை. என்ன நடந்தது என்று கேட்டான். நீயாகவே மறுபடி இறங்கினாய் என்று சொன்னார்கள். அவன் அதை நம்பினான்.

வீட்டுக்கு வந்த பிறகு அவனுக்கு வெளிச்சம் ஒத்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தால் வாந்தி வரும். பேசும்போது ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு பாதியில் நிற்பான். ஷீஜாவின் பயம் கோபமாக மாறியிருந்தது. "ஷோ காட்டப் போனாரு. ரெண்டாமதும் போயி நிண்ணாரு. வீட்டுல ஒருத்தி இருக்காண்ணு நெனச்சாரா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். லிஜோ ஜன்னல் அடைத்த அறையில் படுத்துக்கொண்டு அதைக் கேட்பான்.

சத்தியதாஸ் அநேகமாகத் தினமும் போனார். ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப் போனார். விழிஞ்ஞத்தில் காலையில் நல்ல மீன் கிடைத்தால் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் படியேறுவார். அறைக்குள் போனதும் லிஜோ கையைப் பிடித்துக்கொள்வான். ஷீஜா, "அண்ணன் இல்லேண்ணா நாங்க என்ன செய்திருப்போம்" என்பாள். அதற்குப் பிறகு எதைச் சொல்வது? நன்றியை வாங்கிக்கொண்டு இறங்கி வருவார். காரில் ஏறி, சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருப்பார். செய்த தப்பைவிட, அதை வைத்துக்கொண்டு நல்லவன் பேர் வாங்குவதுதான் அவரை அரித்தது. வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி ரோஸ் கேட்டபோது வயிறு சரியில்லை என்றார்.

சபையில் லிஜோவுக்காக ஜெபம் பண்ணினார்கள். கண்ணை மூடினால், 'செத்த இருக்கட்டா?' என்ற குரல் கேட்டது. கண்ணைத் திறந்தே நின்றார்.

பிப்ரவரியில் அமெரிக்காவில் அந்த வருடத்து இறுதி ஆட்டம் வந்தது. நமக்கு அது திங்கள் விடியற்காலம். ஞாயிறு சாயங்காலம் சாயாக்கடைக்கு வர முடியாது, நீங்கள் இங்கே வாருங்கள் என்று லிஜோ போன் பண்ணினான். சத்தியதாஸ் சாக்குச் சொல்லப் பார்த்தார். கிருஷ்ணகுமார் விடவில்லை.

வெளிச்சத்தைக் குறைத்த அறையில் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். சிவப்புச் சட்டை அணிக்கும் பச்சைச் சட்டை அணிக்கும் ஆட்டம். சிவப்பு அணியின் குவார்ட்டர்பேக்குக்குப் போன ஆட்டத்தில் தலையில் அடி. அவன் இறங்குவானா என்பதுதான் பேச்சு.

"அவன் இல்லேண்ணா பச்சைக்காரன் முன்னால எட்டுப் பேரக் கொண்டு அடைச்சிருவான்" என்றார் கிருஷ்ணகுமார். "ஓட வழி கெடையாது. மாத்து ஆளு எறிஞ்சதுல பாதிகூட கையில சேரல."

"இறங்கியாலும் கஷ்டம்தான் சேட்டா" என்றான் சிபி. "பச்சைக்கு அந்த இடப் பக்கம் பாயுற ஆள் உண்டல்லோ, இந்த வருஷம் அவனை ஒருத்தனும் நிறுத்தலை. பந்தைச் சட்டுனு எறியணும். இல்லெங்கில் எறியுறவனுக்கு ரெண்டாமத்த அடி விழும்."

"அண்ணன் என்ன சொல்லுக?" லிஜோ கேட்டான்.

சத்தியதாஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் என்னத்தச் சொல்ல. டாக்டர் சொல்லணும்."

"இது என்னவேய், உம்ம வாயிலருந்து இப்படியொரு பேச்சு?" கிருஷ்ணகுமார் ஆச்சரியப்பட்டார்.

லிஜோ சிரித்தான். சொற்களை மெதுவாகக் கோத்துக் கோத்துப் பேசினான். "அவன் எறங்குவான். யாரு நிறுத்தினாலும் கேக்க மாட்டான். நான்... நான் கேட்டேனா? நானும் போயி நிண்ணவந்தானே."

சாயா கொண்டுவந்த ஷீஜா வாசலிலேயே நின்றாள். "பெருமையாட்டுச் சொல்லுகியளா? நாலு பேரு பிடிச்சாலும் கேக்காத ஆளு!"

லிஜோவின் சிரிப்பு அடங்கியது. தலையைக் குனிந்துகொண்டான். "தப்புதான் ஷீஜா. எத்தன வாட்டி சொல்லுகேன். எனக்கு அப்ப புத்தியில்ல."

வாடிக்கையாகச் சொல்லிப் பழகின குரல் அது. எத்தனையோ நாளாக அவன் இப்படி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். சத்தியதாஸால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றார்.

"அவன் போகல. நான் போகச் சொன்னேன்."

யாருக்கும் முதலில் புரியவில்லை. அவர் முழுக்கச் சொன்னார். லிஜோ வந்து நின்றது, ரெண்டு ரெண்டாகத் தெரிகிறது என்றது, உட்காரட்டுமா என்று கேட்டது, சாரமில்லை என்று தான் சொன்னது. ஆஸ்பத்திரியில் வாயடைத்து நின்றதையும் சொன்னார்.

கிருஷ்ணகுமார் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஷீஜா தட்டை ஸ்டூலின்மேல் வைத்தாள். ஒரு கிளாஸ் சரிந்து சாயா வழிந்தது. அதை அவள் துடைக்கவில்லை.

லிஜோதான் பேசினான். "நான் கேட்டேனா அண்ணே? இருக்கட்டாண்ணு கேட்டேனா?"

"கேட்டே மக்கா."

அவன் ஷீஜாவின் பக்கம் திரும்பினான். "அப்ப எனக்குப் புத்தி இருந்திருக்கு, இல்லியா?"

ஷீஜாவுக்கு அதுவரை அடக்கிவைத்தது உடைந்தது. அவன் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, அவன் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "நான் என்னவெல்லாம் பேசிட்டேன்" என்பதைத் தவிர வேறொன்றும் விளங்கவில்லை. அவன் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். சிபி எழுந்து வெளியே போனான்.

அழுகை அடங்கியதும் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சத்தியதாஸைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. "அண்ணன் இனி இங்க வரண்டாம்" என்றாள். "கார் வேண்டாம், மீன் வேண்டாம். ஒண்ணும் வேண்டாம்."

அவர் "சரிம்மா" என்றார். லிஜோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல் கிடைக்கவில்லையோ, வேண்டாமென்று விட்டானோ, சொல்லவில்லை.

விடியற்காலம் ஆட்டத்தை அவர் பார்க்கவில்லை. யார் ஜெயித்தது என்று போனில் அமெரிக்கக்காரர்தான் சொன்னார். அந்த வாரமே மேலதிகாரியிடம் போய், ஆட்டத்தில் நடந்ததை உள்ளபடி சொன்னார். கம்பெனி கோச் வேலையிலிருந்து விலகிக்கொண்டார். இனி இப்படி ஆட்டம் வைத்தால் நர்ஸ் இல்லாமல் வைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார், சரி என்றார்கள். சொன்னதில் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தார். அப்படி ஆகவில்லை. பொய் மட்டும்தான் இறங்கியிருந்தது. மற்றது அப்படியே இருந்தது.

ஈஸ்டர் ஆராதனை முடிந்து சபைக்கு வெளியே நின்றபோது லிஜோ கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவரிடம் வந்தான். கையை நீட்டினான்.

"இப்ப எப்பிடி இருக்கடே?"

"வெயிலுதான் பாடு. அடுத்த மாசம் அரை நாள் வேலைக்கு வரச் சொல்லியிருக்கு. திரை பாக்காத வேல."

"நல்லது."

"அண்ணன் தூங்குகியளா?" என்று கேட்டான் லிஜோ. கேட்டுவிட்டு அவர் கையை விடாமல் நின்றான். தெருவோரம் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த ஷீஜா இந்தப் பக்கம் பார்க்காமல் ஒருதரம் ஹாரன் அடித்தாள். அவன் கையை விட்டுவிட்டு, வெளிச்சத்துக்குக் கூசிக்கொண்டு, நடந்துபோய் அவளுக்குப் பின்னால் ஏறிக்கொண்டான்.