குடிக்காத மேஸ்திரியின் தள்ளாட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை மாடி போர்ஷன்காரர் வந்திருந்தார். ஐம்பதை நெருங்குபவர். குடியை விட்டு நூறு நாள் ஆகிறதாம். கைகுலுக்கினேன். உடனே செல்போனை நீட்டினார். அதில் ஒரு ஆப். குடிக்காத ஒவ்வொரு நாளும் எத்தனை ரூபாய் மிச்சம் என்று அதுவே கூட்டிக் காட்டுகிறது. நல்ல தொகைதான்!

"மிச்சம்னு போன் சொல்லுது சார். ஆனா பேங்க்ல இல்லையே... எங்கே போச்சு?"

நான் சிரித்துவிட்டேன். மனிதருக்கு வருத்தம். கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். கேலி இல்லை... எனக்கு ஏழுமலை மேஸ்திரி ஞாபகம் வந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் எனக்குச் செஞ்சி தபாலாபீசில் குமாஸ்தா வேலை. சேமிப்புக் கணக்கு ஜன்னல் என்னுடையது. குடியிருந்தது ஒரு சந்தில். எதிர்வீடு ஏழுமலையுடையது. ஊரில் பாதி வீடுகளுக்குச் சுவர் எழுப்பிய கொத்தனார். அவர் வீட்டுக்கு மட்டும் பனையோலைக் கூரை. மழை வந்தால் வீட்டிலுள்ள அத்தனை பாத்திரமும் ஒழுகுகிற இடங்களுக்குப் போய்விடும். "சோறாக்க ஒரு சட்டி மிஞ்சாது சார்" என்பார் அவர் மனைவி அஞ்சலை.

ஊர்ச் சுவர் கட்டுபவருக்குச் சொந்தக் கூரை இல்லாமல் போனது ஏன்? வேறென்ன... சாராயம்தான்.

அது மதுவிலக்குக் காலம். சாராயம் கிடையாது என்று சட்டம் சொன்னது. மலையடிவாரத்துத் தோப்புக்குப் போய் அதை யாரும் சொல்லவில்லை. சாயங்காலமானால் அங்கே கூட்டம்தான். பதினைந்து வருஷமாக ஏழுமலை அங்கே ஒருநாள் தவறாத வாடிக்கை.

தோப்பில் விற்றவர் ஒருநாள் வீடு கட்ட ஆரம்பித்தார். சாதாரண வீடு இல்லை, மாடி வைத்த மெத்தை வீடு! கொத்தனார் யார்? ஏழுமலையேதான்.

கிரகப்பிரவேசத்தன்று அவருக்கு வேட்டி துண்டு கொடுத்தார்கள். கொடுத்த கையோடு சாராயக்காரர், வந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"மேஸ்திரி, தெக்கால செவுரு நிக்குது பாரு... அது பூரா உன் காசு. குடுத்ததும் நீ, கட்னதும் நீ!"

கூட்டம் சிரித்தது. ஏழுமலையும் சிரித்தார்.

மறுநாள் காலை என் ஜன்னலுக்கு வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"போஸ்டாபீஸ் சார், அஞ்சு ரூபா இருக்குது. இத என் கைக்கு எட்டாத எடத்துல வைங்க."

அன்றிலிருந்து விட்டார். சுலபமாக இல்லை. முதல் வாரம் கை நடுங்கிக் கரண்டியிலிருந்து கலவை சிந்தியது. தூக்கம் வராமல் விடிய விடிய சந்தில் நடந்தார். ஆனாலும் வாரம் தவறாமல் ஜன்னலுக்கு வந்தார். சில வாரம் எட்டு ரூபாய், சில வாரம் பத்து. ஐப்பசி மழைக்கு முன்னால் கூரையைப் பிரித்து ஓடு போட்டுவிட வேண்டும். அதுதான் லட்சியம்.

இங்கேதான் ஆரம்பித்தது வினை.

மேஸ்திரி குடியை விட்டது ஊருக்குத் தெரிந்தது. தெரிந்ததும், அவர் கையில் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று ஊரே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது!

முதலில் காண்ட்ராக்டர். முன்பெல்லாம் சனிக்கிழமை கூலி வராவிட்டால் ஏழுமலை குடித்துவிட்டு வந்து போடுகிற கூச்சல் கடைத்தெரு முழுக்கக் கேட்கும். பயந்துகொண்டு எண்ணி வைத்துவிடுவார். இப்போது?

"நீதான் குடிக்கிறது இல்லியே மேஸ்திரி... துட்டுக்கு இன்னா அவசரம்? அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

அப்புறம் பனமலையிலிருந்து அஞ்சலையின் அண்ணன் வந்தார். உழவு மாடு வாங்க வேண்டுமாம். அறுப்பு முடிந்ததும் தருவதாகச் சொல்லி நாற்பது ரூபாய் வாங்கிப் போனார். ஒரு மாதம் கழித்து வண்டிக்கு அச்சு வாங்க வேண்டும் என்று மறுபடி வந்தார். ஆடி மாதம் கூழ் வார்க்க வசூலுக்கு வந்தவர்களோ நோட்டைப் பிரித்துவிட்டே பேசினார்கள்.

"போன வருசம் ரெண்டு ரூபா போட்ட. இந்த வருசம் இருவது எழுதிக்கறோம். நீதான் திருந்திட்டியே!"

திருந்தினதற்கு அபராதம்... கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

போடுவதைவிட எடுப்பதற்கே மேஸ்திரி அதிகம் வர ஆரம்பித்தார். குடித்த காலத்தில் அவர் காசை ஒரே ஒருவர்தான் வாங்கிக்கொண்டிருந்தார். விட்ட பிறகு ஊரே வாங்கியது! முடியாது என்று சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. பதினைந்து வருஷம் தலைகுனிந்து நடந்தவர். இப்போது நாலு பேர் 'நல்லவன்' என்கிறார்கள். அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வருமா?

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"சார், நான் திரும்பக் குடிக்கப் போறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பயப்படாதீங்க. குடிச்ச மாதிரி சார்... சும்மா. குடிகாரன்கிட்ட எவன் கடன் கேப்பான்? நீங்க பாத்து சொல்லுங்க, சரியா இருக்குதான்னு."

வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவே தள்ளாடிக் காட்டினார். அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டார்.

"இது குடிகாரன் மாதிரியா இருக்குது? காலு சுளுக்குனவன் மாதிரி இருக்குது. நீ இப்டியா ஆடுவ? எடது பக்கமா சாய்வ. கதவப் புடிச்சிக்குவ. தள்ளு, நான் காட்டறேன்."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் போய் நின்றார். ஆடிக்கொண்டே உள்ளே வந்தார். கதவைப் பிடித்தார். ஏழுமலையேதான்! நானும் மேஸ்திரியும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அஞ்சலை நிறுத்தவில்லை. தண்ணிக் குடத்தைக் காலால் தள்ளினார். "ஏய்... எங்கடி சோறு? உங்கொண்ணன் ஊட்டுக்கு ஓடிப் போடி. நீ செத்தீன்னா மறுநாளே இன்னொருத்தி வருவாடி எனக்கு..." என்று கையை ஓங்கினார்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. யாரும் சிரிக்கவில்லை. குடத்துத் தண்ணீர் மட்டும் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"நானா இப்டி பேசுவேன்?" என்றார் ஏழுமலை.

"இதுக்கு மேலயும் பேசுவ. சார் இருக்கறாருன்னு சொல்லல."

போதை தெளிந்ததும் எதுவும் ஞாபகம் இருந்ததில்லையாம் அவருக்கு. தன் குடியை அந்த மனிதர் முதல்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான், பெண்டாட்டி முகத்தில். நானும் அதுவரை அந்தக் குடியின் விலையைப் பாஸ்புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

மூலையில் போய் உட்கார்ந்துவிட்டார். அஞ்சலைதான் எழுப்பிவிட்டார்.

"போ. போயி கூலிய வாங்கிட்டு வா. ஆனா வாயத் தொறக்காத. ஆடினா போதும்."

வாயைத் திறக்காமல் ஆடிக்கொண்டு போனார். அவரைப் பார்த்ததுமே காண்ட்ராக்டர் மூன்று வாரப் பாக்கியை முழுசாக எடுத்து வைத்தார். அச்சுக்குப் பணம் கேட்டு வந்திருந்த மச்சான் தெருமுனையில் பார்த்துவிட்டு, அப்படியே பஸ்ஸேறிவிட்டார்.

திங்கட்கிழமை கணவனும் மனைவியும் என் ஜன்னலுக்கு வந்தார்கள்.

"என் கணக்க மூடிட்டு அவ பேர்ல தொறங்க சார்."

"ஏன் மேஸ்திரி, இப்பத்தான் நல்லா ஏறுதே?"

"அது அவ துட்டு சார்" என்றார். அஞ்சலை எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை நாடகம் இன்னும் இரண்டு வாரம் ஜோராக நடந்தது. அதற்கடுத்த வாரம் ஊருக்குப் புதிதாக ஓர் ஏட்டு வந்திருந்தார். மேஸ்திரி கடைத்தெருவில் ஆடிக்கொண்டு வந்தார்... 'வாய்யா' என்று பிடித்துவிட்டார்! பதினைந்து வருஷம் குடித்தபோது மாட்டாதவர், குடிக்காதபோது மாட்டினார்.

குடித்திருக்கிறார் என்று டாக்டர் சர்டிபிகேட் வேண்டுமே... ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். நான் ஓடினேன். பின்னாலேயே கடைத்தெருவும் வந்தது. அதில் காண்ட்ராக்டர் இருந்தார். அன்றைக்குப் பார்த்து மச்சானும் வந்திருந்தார்.

"சார், இப்ப இன்னா சொல்லட்டும்?" ஏழுமலை என் காதில் கேட்டார். "குடிச்சேன்னா ஜெயிலு. குடிக்கலன்னா மச்சான்!"

டாக்டர் அவர் வாயை மோந்து பார்த்தார். கண்ணை இழுத்துப் பார்த்தார். தரையில் கோடு கிழித்து நடக்கச் சொன்னார். கொத்தனார் அல்லவா, நூல் பிடித்த மாதிரி நடந்தார்.

"யோவ் ஏட்டு! இந்த ஆள் சொட்டுக்கூடக் குடிக்கலை. குடிக்கிறவன் மாதிரியே இல்லைய்யா இவன்!"

டாக்டருக்குப் பெரிய குரல். வராந்தா முழுக்கக் கேட்டது.

"அப்புறம் இன்னாத்துக்குய்யா ஆடின?" என்றார் ஏட்டு.

"குடிச்சப்ப யாரும் எங்கிட்ட கடன் கேக்கலீங்கய்யா..."

ஏட்டுக்கே சிரிப்பு வந்துவிட்டது. போ என்று விட்டுவிட்டார்.

மறுநாள் காலை எதிர்வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர். மச்சான்தான் முன்னால் நின்றார். "எங்களையே ஏமாத்துனியே மாப்ள" என்று அவருக்குக் கோபம் வேறு!

ஏழுமலை எல்லோரையும் பார்த்தார். இந்தத் தடவை அவருக்கு வாய் வந்தது.

"துட்டு எங்கிட்ட இல்ல. அஞ்சலை பேர்ல இருக்குது. அவளக் கேளுங்க."

அஞ்சலை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். சத்தம் போடவில்லை.

"குடுக்கறேன். இவரு குடிச்சிட்டு வந்து என்னப் போட்டு அடிச்சப்ப, ஒரு நாளாச்சும் வந்து கையப் புடிச்சித் தடுத்தவங்க யாரு? அவங்க மொதல்ல முன்னால வாங்க."

ஒருவரும் அசையவில்லை. அண்ணன் தரையைப் பார்த்தார். எதிர்வாசலில் நின்ற நான்கூட ஓர் அடி பின்னால் போனேன். எத்தனை சாயங்காலம் அந்த அலறல் கேட்டு என் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறேன்!

கூட்டம் கலைந்தது. அறுப்பு முடிந்ததும் நாற்பது ரூபாய் பனமலையிலிருந்து தானாக வந்து சேர்ந்தது. ஐப்பசிக்கு நாலு நாள் முன்னால் மேஸ்திரியே கூரையேறி ஓடு பரப்பினார். அந்த வருஷம் மழை பெய்த அன்று, அஞ்சலை வீட்டுச் சட்டிகள் எல்லாம் அடுப்படியிலேயே இருந்தன.

குடியை விட்டால் பணம் மிச்சமாகும். சத்தியமான வார்த்தை. ஆனால் அந்த மிச்சம் யாருக்குச் சேர வேண்டியது என்று தெரிந்தவருக்குத்தான் அது கையில் நிற்கிறது.

எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து, யார் கடன் கேட்டாலும் "எல்லாம் வீட்டுக்காரி பேர்ல இருக்குங்க" என்று சொல்லித் தப்பித்து வருகிறேன்... இந்த விஷயம் அவளுக்கு இன்னும் தெரியாது!