பழைய ரயில் தடத்தில் ஸ்டெல்லா

இன்று ஞாயிறு. காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டார் நான்கு பேரும் பழைய ரயில் தடத்தில் நடந்தோம்.

தண்டவாளம் என்றைக்கோ வெள்ளத்தோடு போய்விட்டது. மண்மேடு மட்டும் சோலைக்குள்ளும் சதுப்பு ஓரமாகவும் அப்படியே கிடக்கிறது.

நாங்கள் நடந்ததற்குக் காரணம் என் தங்கை ஸ்டெல்லா. எங்கள் தேயிலை எஸ்டேட்டின் கீழ் டிவிஷன் பள்ளியில் அவளுக்கு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே பஸ் போகாது. இளம்பிள்ளை வாதம் வந்த காலில் இரும்புக் கம்பி கட்டி நடப்பவளுக்கு ஜீப் ரோட்டு ஏற்ற இறக்கம் ஆகாது. "வேலையே வேண்டாம்" என்று முடித்துவிட்டார் அப்பா.

எனக்கு எரிச்சல். சர்வே படித்தவன் நான். "ரயில் செங்குத்தா ஏறாதுப்பா. அதுக்கு வெட்டுன பாதை ஏறக்கொறைய சமமாத்தான் இருக்கும். வந்து பாருங்க" என்றேன்.

சதுப்பருகே அவளுக்குக் கை நீட்டினேன்.

"நீ முன்னால போண்ணே. ஒன் அவசரத்துக்கு என்னால நடக்க முடியாது."

அம்மா தன் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டே, "ஏசப்பா! ஒனக்கும் ஏறிருக்கா பாருடி" என்று கத்தினார்.

"கம்பிக் காலக் கடிச்சா அதுக்குத்தாம்மா பல்லு போகும்" என்றாள் ஸ்டெல்லா.

பள்ளிக்கூட வாசலை முதலில் தொட்டவள் அவள்தான். மூச்சு வாங்க வந்து சேர்ந்த அப்பா, "நாளைக்கே சேந்துரு தாயி" என்றார்.

அந்தப் பாதையை வெட்டியவர்கள் யாரோ, எவரோ. கர்த்தர் அவர்களை ஆசீர்வதிக்கட்டும்.

இனி நான் செய்யப்போவது:

1. வழியில் உடைந்து கிடக்கும் மதகின் மேல் பலகை போடுவது.

2. முட்புதரை வெட்டுவது. அரிவாள் வைத்திருப்பவர்கள் இந்தக் கிளப் அறிவிப்புப் பலகையிலேயே, கீழே பெயர் எழுதுங்கள். சாக்குச் சொல்லாதீர்கள்.

3. அப்பாவுக்கு ஓர் ஊன்றுகோல் வாங்குவது.